கைப்பேசித் தரவு மாற்றமும் பேக்கப்பும்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறை நீக்கும் முறை

உறவினரோ நண்பரோ புதிய கைப்பேசி வாங்கினால், பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றித் தரும் வேலை பெரும்பாலும் என்னிடமே வந்து சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் இதைச் செய்து பார்த்ததில், கைப்பேசிகள்தாம் மாறுகின்றனவே தவிர, கோளாறுகள் மாறுவதில்லை. அவற்றை அறிகுறி வாரியாகக் கீழே தந்திருக்கிறேன். ஒவ்வொரு அறிகுறியின் கீழும் செலவில்லாத காரணம் முதலிலும், பணமோ பொறுமையோ அதிகம் கேட்கும் காரணம் பிறகும் வருவதால், இடையில் எதையும் தாண்டாமல் வரிசையாகச் சோதித்து வாருங்கள்.

எந்த அறிகுறிக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. புதிய கைப்பேசியில் பழைய புகைப்படம் ஒன்றையும், பழைய உரையாடல் ஒன்றையும், தொடர்பு எண் ஒன்றையும் நீங்களே திறந்து பார்க்கும் வரை பழைய கைப்பேசியை ஃபேக்டரி ரீசெட் (உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதியதுபோல் ஆக்குதல்) செய்யாதீர்கள். 'மாற்றம் முடிந்தது' என்று திரையில் வரும் வாசகத்தை நான் சான்றாக ஏற்பதில்லை.

அறிகுறி: கேபிளைச் செருகினால் சார்ஜ் ஏறுகிறது, கணினியில் கைப்பேசி தெரியவில்லை

முதலில் கைப்பேசியின் பூட்டைத் திறந்து, திரை ஒளிர்ந்த நிலையிலேயே கேபிளைச் செருகுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசி பாதுகாப்பு கருதி, சார்ஜ் மட்டும் ஏற்றும் நிலையில்தான் இணைகிறது. மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யு.எஸ்.பி. பற்றிய வரியைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு முறை கேபிளைக் கழற்றிச் செருகும்போதும் இது பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதால், நேற்று வேலை செய்தது இன்று ஏன் செய்யவில்லை என்று குழம்ப வேண்டாம். ஐபோனில் 'இந்தக் கணினியை நம்பலாமா' என்ற கேள்வி வரும்; அதற்கு ஒப்புதல் தந்து கடவு எண்ணை இட வேண்டும். அவசரத்தில் வேண்டாம் என்று தொட்டுவிட்டிருந்தால் கழற்றி மீண்டும் செருகுங்கள். அப்போதும் கேள்வி வராவிட்டால், அமைப்புகளில் பொதுப் பகுதியின் அடியில் உள்ள ரீசெட் பட்டியலில் 'லொகேஷன் அண்ட் பிரைவசி' என்பதை மட்டும் மீட்டமைத்தால் போதும். அதே பட்டியலுக்கு அருகிலேயே முழுத் தரவையும் அழிக்கும் வரியும் இருப்பதால், நிதானமாகப் படித்துவிட்டுத் தொடுங்கள்.

இது சரியாக இருந்தும் தெரியவில்லை என்றால் கேபிளை மாற்றுங்கள். சந்தையில் கிடைக்கும் கேபிள்களில் பல, மின்சாரம் செல்லும் கம்பிகளை மட்டும் கொண்டவை. தரவு செல்லும் இரண்டு கம்பிகள் அவற்றுக்குள் இருக்கவே இருக்காது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. என்னிடம் வந்த 'கைப்பேசியின் யு.எஸ்.பி. போய்விட்டது' என்ற புகார்களில் பெரும்பகுதி வேறு கேபிள் செருகியதும் தீர்ந்துபோனது. ஆகவே வேலை செய்யும் கேபிள் ஒன்றை அடையாளமிட்டுத் தனியே வைத்திருங்கள். கணினிப் பக்கத்திலும் ஹப்பை (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் கருவி) விலக்கிவிட்டு, மேசைக் கணினியானால் பின்பக்கத்துத் துளையில் நேரடியாகச் செருகிப் பாருங்கள்.

அடுத்தது கைப்பேசியின் சார்ஜ் துளை. கேபிள் முனை முழுவதும் உள்ளே போகாமல் மயிரிழை அளவு வெளியே நின்றாலோ, செருகும்போது 'டிக்' என்ற பிடிப்பு கிடைக்காவிட்டாலோ, உள்ளே சட்டைப்பைப் பஞ்சு இறுகிக் கிடக்கிறது என்று பொருள். கைப்பேசியை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியின் நுனியால் சுவரோரமாக மெல்லச் சுரண்டினால் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று சுருண்டு வெளியே வரும். ஊசி, சேஃப்டி பின் போன்ற உலோகப் பொருள்களை ஒருபோதும் நுழைக்காதீர்கள். துளையின் நடுவில் உள்ள மெல்லிய நாக்கு ஒடிந்தால் கைப்பேசியின் துளைப் பகுதியையே மாற்ற வேண்டிவரும்.

*கணினியில்தான் சிக்கல் என்றால்*

அதே கேபிளும் கைப்பேசியும் வேறொரு கணினியில் வேலை செய்கின்றன என்றால், கைப்பேசியில் குறை இல்லை. விண்டோஸ் பதிப்பின் பெயரில் 'என்' (N) என்ற ஆங்கில எழுத்து சேர்ந்திருந்தால், மீடியா ஃபீச்சர் பேக் என்ற கூடுதல் தொகுப்பை நிறுவினால்தான் ஆண்ட்ராய்டு தெரியும். மேக் கணினியோ, கேபிள் வழியாகக் கோப்புகளை மாற்ற ஆண்ட்ராய்டு பயன்படுத்தும் எம்.டி.பி. முறையைத் தானாக அறியாது, ஓப்பன் எம்.டி.பி. போன்ற செயலி ஒன்று தேவைப்படும். விண்டோஸில் ஐபோனை முழுமையாக பேக்கப் எடுக்க ஆப்பிள் டிவைசஸ் அல்லது ஐடியூன்ஸ் இருக்க வேண்டும்.

*தொழில்நுட்பரை அழைக்கும் இடம்*

இரண்டு நல்ல கேபிள்களும் இரண்டு கணினிகளும் மாற்றிப் பார்த்தாயிற்று, துளையும் சுத்தமாக உள்ளது, ஆனாலும் தெரியவில்லை. அல்லது டைப்-சி முனையை ஒரு பக்கமாகச் செருகினால் மட்டும் தெரிகிறது, திருப்பிச் செருகினால் தெரியவில்லை. இந்த நிலையில் துளையின் உள்தொடுமுனைகள் தேய்ந்திருக்கக்கூடும். அவர் கையில் கொடுக்கும் முன் வைஃபை வழியாக பேக்கப் எடுத்துவிடுங்கள். கேபிள் இல்லாவிட்டாலும் அந்த வழி திறந்தே இருக்கிறது.

அறிகுறி: கைப்பேசி தெரிகிறது, ஆனால் உள்ளே காலியாக இருக்கிறது

பூட்டப்பட்ட நிலையில் செருகியிருந்தால் இப்படித்தான் தெரியும். பூட்டைத் திறந்துவிட்டு, கணினியில் அந்தச் சாளரத்தை மூடித் திறந்தால் பெரும்பாலும் கோப்புறைகள் வந்துவிடும்.

ஐபோனில் ஆயிரக்கணக்கான படங்கள் இருந்தும் கணினியில் சில நூறு மட்டுமே தெரிந்தால், ஐகிளவுட் (ஆப்பிளின் இணையவழிச் சேமிப்பு) புகைப்பட அமைப்பில் 'ஆப்டிமைஸ் ஸ்டோரேஜ்' இயங்குகிறதா என்று பாருங்கள். இயங்கினால் அசல் படங்கள் கிளவுடில் இருக்கும். கைப்பேசியில் இருப்பவை சிறிய பிரதிகளே. கேபிளால் இழுக்க முயல்வது வீண். அசல்களைக் கைப்பேசிக்குள் இறக்கும் தேர்வுக்கு மாற்றி, இடம் போதுமானால் ஓர் இரவு காத்திருங்கள். இடம் போதாவிட்டால் கணினியின் உலாவியில் ஐகிளவுட் தளத்தைத் திறந்து நேரடியாக இறக்கிக்கொள்ளுங்கள். கூகுள் ஃபோட்டோஸில் 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பொத்தானை எப்போதோ தொட்டவர்களுக்கும் இதே கதைதான்: படங்கள் செயலிக்குள் தெரியும், கைப்பேசியின் நினைவகத்தில் இருக்காது.

அறிகுறி: நகல் பாதியில் நின்றுவிடுகிறது

கேமரா கோப்புறையில் பல ஆயிரம் படங்களைத் தேர்ந்தெடுத்து ஒரே இழுப்பில் கணினியில் போடுவார்கள். பச்சைப் பட்டை சிறிது ஓடி, பிறகு அசையாமல் நிற்கும்; இன்னும் சற்று நேரத்தில் சாளரமே வெளுத்துப்போகும். எம்.டி.பி. முறை ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் செய்யும். நகல் ஓடும்போதே இன்னொரு கோப்புறையைத் திறந்து பார்த்தாலும், முன்தோற்றப் படங்கள் ஏறிக்கொண்டிருந்தாலும் திணறிவிடும். ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து நகலெடுங்கள். திரை அணையாமல் வையுங்கள். 'கட்' செய்யாமல் 'காப்பி' மட்டும் செய்யுங்கள். 'கட்' செய்து பாதியில் அறுந்தால் எது போனது, எது வந்தது என்று கணக்குப் பார்ப்பது பெரும்பாடு. முடிந்ததும் இரு பக்கமும் கோப்பு எண்ணிக்கையையும் மொத்த அளவையும் ஒப்பிடுங்கள்.

*ஐபோனிலிருந்து விண்டோஸுக்கு மாற்றும்போது 'இணைக்கப்பட்ட சாதனம் இயங்கவில்லை' என்ற பிழை வந்தால்*, சாதனத்தில் எந்தக் குறையும் இல்லை. நகலெடுக்கும்போதே படத்தை வேறு வடிவத்துக்கு மாற்ற முயன்று ஐபோன் இடறுகிறது. அதன் அமைப்புகளில் புகைப்படப் பகுதியின் அடிப்பாகத்துக்குச் சென்று, மேக் அல்லது கணினிக்கு மாற்றுதல் என்ற தலைப்பில் 'ஆட்டோமேட்டிக்' என்பதற்குப் பதிலாக 'கீப் ஒரிஜினல்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். படங்கள் ஹெச்.இ.ஐ.சி. வடிவத்தில் வந்து சேரும். அவற்றைக் கணினியில் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

*ஒரு குறிப்பிட்ட பெரிய வீடியோவில் மட்டும் நின்றால்*, சேரும் இடத்தைப் பாருங்கள். பென் டிரைவோ மெமரி கார்டோ ஃபேட்32 முறையில் அமைந்திருந்தால், காலியிடம் எவ்வளவு இருந்தாலும் 4 ஜி.பி.யைத் தொடும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. அதில் உள்ளவற்றை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்தால் தீரும்.

*எந்த வழியில் முயன்றாலும் அதே கோப்புகளில் நின்று, மூலம் மெமரி கார்டாக இருந்தால்*, கார்டு சாகத் தொடங்கியிருக்கலாம். திரும்பத் திரும்ப முயல்வது அதை இன்னும் விரைவாகக் கொல்லும். கார்டைக் கழற்றி கார்டு ரீடரில் போடுங்கள். வருவதை முதலில் எடுங்கள். 'ஃபார்மட் செய்ய வேண்டுமா' என்று விண்டோஸ் கேட்டால் ரத்து செய்யுங்கள். இழக்க முடியாத படங்கள் அதில் இருந்தால், அந்தக் கட்டத்திலேயே நிறுத்திவிட்டுத் தரவு மீட்பு செய்பவரிடம் கொடுப்பதே சரி. ஒன்றைக் கவனியுங்கள்: கார்டைக் கைப்பேசியின் உள் நினைவகமாகவே மாற்றி அமைத்திருந்தால், அது மறையாக்கம் (சாவியின்றிப் படிக்க முடியாதபடி மாற்றுதல்) செய்யப்பட்டிருக்கும், அந்தக் கைப்பேசிக்கு வெளியே எந்த ரீடராலும் அதைப் படிக்க முடியாது.

அறிகுறி: எல்லாம் வேலை செய்கிறது, ஆனால் ஆமை வேகம்

கோளாறாக இருக்க வேண்டிய அவசியமில்லை. யு.எஸ்.பி. 2.0 முறையின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது கணக்குப்படி 60 மெகாபைட். நடைமுறையில் அதற்கும் குறைவாகவே கிடைக்கும். டைப்-சி முனை இருப்பதாலேயே வேகம் வந்துவிடாது. ஐபோன் 15 டைப்-சியுடன் வந்தாலும் 2.0 வேகத்திலேயே இயங்குகிறது. 15 புரோ வேகமாக இயங்கக்கூடியது என்றாலும், பெட்டியில் வரும் கேபிள் 2.0 வகையே. நூறு ஜி.பி.க்கு மேல் இருந்தால் படுக்கப் போகும் முன் தொடங்கிவிடுங்கள்.

அறிகுறி: கிளவுட் பேக்கப் நகராமல் நிற்கிறது

முதலில் இடத்தைப் பாருங்கள். ஐகிளவுடில் இலவசமாகக் கிடைப்பது 5 ஜி.பி.; கூகுளில் 15 ஜி.பி. ஆனால் கூகுளின் 15 ஜி.பி. ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்தது. 2021 ஜூன் 1க்குப் பிறகு ஏற்றப்படும் படங்கள் குறைந்த தரத்தில் இருந்தாலும் இந்தக் கணக்கில் சேர்கின்றன. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான் ஏறுகிறது. 'நான் எதுவும் சேமிக்கவில்லையே, எப்படி நிரம்பியது' என்று கேட்பவர்களின் வாட்ஸ்அப் பேக்கப்பைத் திறந்தால், காலை வணக்க வீடியோக்கள் பல ஜி.பி.க்குக் குவிந்திருக்கும். பணம் கட்டி இடம் வாங்கும் முன் அவற்றைக் களையுங்கள்.

இடம் இருந்தும் நகராவிட்டால், ஐபோன் தானாக பேக்கப் எடுக்க மூன்று நிபந்தனைகள் ஒருங்கே அமைய வேண்டும்: சார்ஜரில் இருக்க வேண்டும், வைஃபையில் இருக்க வேண்டும், பூட்டியிருக்க வேண்டும். இரவு சார்ஜர் போடாமல் தூங்குபவரின் கைப்பேசியில் பேக்கப் மாதக்கணக்கில் நடந்திருக்காது. ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்பு நிலையை அணைத்துவிட்டு, வைஃபையில் வைத்து, அமைப்புகளில் 'பேக்கப் நவ்' என்பதைக் கையால் தொட்டுப் பாருங்கள். எந்தக் கூகுள் கணக்கில் ஏறுகிறது என்பதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மூன்று கணக்குகள் உள்ள கைப்பேசியில் பின்னால் வரும் வம்புகளில் பாதி இந்தக் குறிப்பால் தீரும்.

கேமராப் படங்கள் ஏறி, வாட்ஸ்அப் படங்களும் ஸ்கிரீன்ஷாட்டுகளும் ஏறாவிட்டால் அது கோளாறன்று. கூகுள் ஃபோட்டோஸ் இயல்பாகக் கேமரா கோப்புறையை மட்டுமே எடுக்கும். மற்ற கோப்புறைகளை அதன் பேக்கப் அமைப்பில் ஒவ்வொன்றாக இயக்க வேண்டும்.

அறிகுறி: புதிய கைப்பேசியில் பேக்கப் தெரியவில்லை

கைப்பேசியைத் தொடங்கும்போது வேறு கணக்கில் நுழைந்திருப்பதே முதல் காரணம். இரண்டாவது, தொடக்கக் கட்டத்தைத் தாண்டிவிட்டிருப்பது: ஐகிளவுட் பேக்கப்பை மீட்பதும், ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' என்ற ஆப்பிள் செயலி வழியாக மாற்றுவதும் கைப்பேசியை முதன்முதலாக அமைக்கும்போது நடக்க வேண்டியவை. தாண்டியிருந்தால், புதிய கைப்பேசியை மட்டும் ரீசெட் செய்து மறுபடி தொடங்குங்கள். எதை ரீசெட் செய்கிறீர்கள் என்று இருமுறை பாருங்கள்; ஒரே நிறத்தில் இரண்டு கைப்பேசிகள் மேசையில் இருக்கும்போது தவறு நேரும்.

மூன்றாவது காரணம் பதிப்பு. புதிய ஆண்ட்ராய்டு பதிப்பில் எடுத்த பேக்கப்பை அதைவிடப் பழைய பதிப்பில் மீட்க முடியாது, ஐபோனிலும் அப்படியே. மென்பொருளைப் புதுப்பித்துவிட்டு முயலுங்கள். பேக்கப் தெரிந்தும் திறக்க மறுத்தால், கூகுள் கேட்பது புதிய கைப்பேசியின் கடவு எண்ணை அன்று, பழையதன் பூட்டு எண்ணை அல்லது கோலத்தை.

கடைசிக் காரணம் காலம். ஆண்ட்ராய்டு கைப்பேசியை 57 நாள்கள் பயன்படுத்தாமல் வைத்தால் அதன் பேக்கப் அழிக்கப்படக்கூடும். ஐகிளவுட் பேக்கப்பை நிறுத்தினால் 180 நாள்கள் வரை வைத்திருப்பார்கள். அலமாரியில் கிடக்கும் பழைய கைப்பேசிக்கு உயிர் இருந்தால், அதை இயக்கி மீண்டும் பேக்கப் எடுப்பதே இதற்கு வழி. உயிர் இல்லாவிட்டால் கடைசி அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி: வாட்ஸ்அப் உரையாடல்கள் வரவில்லை

என்னிடம் அதிகம் கண்ணீருடன் வருவது இந்தக் கோளாறுதான். அதே எண், அதே கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கு, எண்ணைச் சரிபார்த்ததும் வரும் 'ரீஸ்டோர்' பொத்தான்: இம்மூன்றில் ஒன்று தவறினாலும் வெற்றுத் திரைதான் கிடைக்கும்.

'ரீஸ்டோர்' பொத்தானைத் தவறவிட்டுவிட்டீர்கள் என்றால், மறு நிமிடமே வாட்ஸ்அப் அமைப்பில் தானியங்கி பேக்கப்பை நிறுத்துங்கள். அதை விட்டுவைத்தால் நள்ளிரவுக்குப் பின் அந்த வெற்று வாட்ஸ்அப் தன்னைத்தானே பேக்கப் எடுத்து, கூகுள் கணக்கில் இருந்த பழைய பேக்கப்பின் மேல் எழுதிவிடும். நிறுத்திய பிறகு, செயலியை நீக்கி மீண்டும் நிறுவி, கணக்கைச் சரிபார்த்து, 'ரீஸ்டோர்' தோன்றும் வரை அவசரப்படாமல் தொடருங்கள்.

*கூகுள் கணக்கில் பேக்கப்பே இல்லை, பழைய ஆண்ட்ராய்டு கையில் உள்ளது என்றால்*, கவலை வேண்டாம். வாட்ஸ்அப் நாள்தோறும் கைப்பேசிக்குள்ளேயே ஒரு நகல் எடுத்து, கடைசி ஏழு நாள்கள் வரை வைத்திருக்கும். கேபிளில் இணைத்து, ஆண்ட்ராய்டு, அதனுள் மீடியா, அதனுள் காம்.வாட்ஸ்அப், அதனுள் வாட்ஸ்அப், அதனுள் டேட்டாபேசஸ் என்று இறங்கினால் தேதியிட்ட கோப்புகள் தெரியும். வாட்ஸ்அப் கோப்புறை முழுவதையும் கணினியில் ஒரு நகலும், புதிய கைப்பேசியில் அதே இடத்தில் ஒரு நகலும் வைத்துவிட்டு, அதன் பிறகு வாட்ஸ்அப்பை நிறுவுங்கள். தேதியிட்ட பழைய கோப்பு ஒன்றை மீட்க வேண்டுமானால், பெயரில் உள்ள தேதிப் பகுதியை மட்டும் நீக்க வேண்டும். 'கிரிப்ட்' என்பதை அடுத்து வரும் எண்ணை மாற்றவே கூடாது.

*ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறீர்கள் என்றால்*, கூகுள் கணக்கில் உள்ள பேக்கப் அங்கே பயன்படாது. ஐகிளவுடில் உள்ளது ஆண்ட்ராய்டில் பயன்படாது. ஐபோனைத் தொடங்கும்போதே 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' பட்டியலில் வாட்ஸ்அப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாற்றம் ஓடும்போது ஆண்ட்ராய்டுத் திரையில் 'மூவ் டு ஐ.ஓ.எஸ்.' செயலியை விட்டு வெளியே வராதீர்கள். ஓர் அழைப்பு வந்தாலே அறுந்துபோகும் என்பதால், வேறு யாரும் அழைக்காத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

*கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ கேட்டால்*, பேக்கப்புக்கான முழுமறையாக்கத்தை எப்போதோ இயக்கியிருக்கிறீர்கள். பழைய கைப்பேசியில் வாட்ஸ்அப் இன்னும் திறந்தால், அங்கேயே கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் புதிதாக பேக்கப் எடுங்கள். பழையது போய், சாவியும் மறந்துபோயிருந்தால் நிறுவனத்தாலும் அதைத் திறக்க முடியாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

அறிகுறி: எல்லாம் வந்தது, வங்கிச் செயலியும் ஓ.டி.பி. செயலியும் மட்டும் திறக்கவில்லை

வங்கிச் செயலியில் மறுபடி பதிவு செய்துதான் ஆக வேண்டும். பாதுகாப்புக்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். ஓ.டி.பி. செயலியான கூகுள் ஆதென்டிகேட்டரில் கணக்கு ஒத்திசைவு 2023இல்தான் வந்தது. அதை இயக்காதவர்கள், பழைய கைப்பேசியில் கணக்குகளை மாற்றும் பகுதியைத் திறந்து, அங்கே வரும் கியூ.ஆர். குறியீட்டைப் புதியதால் ஸ்கேன் செய்ய வேண்டும். பழையதை அழித்துவிட்டவருக்கு, ஒவ்வொரு தளமும் தொடக்கத்தில் தந்த மீட்புக் குறியீடுகள்தாம் மிச்சம்.

அறிகுறி: இடம் வேண்டி கைப்பேசியில் படங்களை அழித்தேன், கிளவுடிலும் காணவில்லை

ஐகிளவுட் ஃபோட்டோஸ் செய்வது ஒத்திசைவு. ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். கூகுள் ஃபோட்டோஸ் செயலிக்குள் அழித்தாலும் அப்படியே. பதற்றத்தில் வேறெதையும் செய்யாமல் முதலில் குப்பைத்தொட்டியைத் திறங்கள். பேக்கப் ஆன படங்களைக் கூகுள் 60 நாள்கள் வைத்திருக்கும். ஐபோனில் 'ரீசன்ட்லி டெலீடட்' தொகுப்பில் 30 நாள்கள் இருக்கும். அங்கிருந்து மீட்டதும் கணினியிலோ வெளி டிரைவிலோ ஒரு நகல் வையுங்கள்.

அறிகுறி: திரை உடைந்துவிட்டது அல்லது கைப்பேசி இயங்கவே இல்லை

படம் தெரிந்து தொடுதல் மட்டும் வேலை செய்யாவிட்டால், ஓ.டி.ஜி. இணைப்பான் (கைப்பேசித் துளையில் யு.எஸ்.பி. கருவியைச் செருக உதவும் சிறு முனை) வழியாகச் சாதாரண கணினி மவுஸைச் செருகுங்கள். ஆண்ட்ராய்டில் அம்புக்குறி தோன்றும், அதைக் கொண்டு பூட்டைத் திறந்து பேக்கப்பைத் தொடங்கலாம். படமே தெரியவில்லை, ஆனால் அழைத்தால் மணி அடிக்கிறது என்றால், டைப்-சி வழியாகத் தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பும் வசதி உங்கள் மாதிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திரையை மாற்றுவதே தரவுக்கான வழி. நீரில் விழுந்த கைப்பேசியைச் சார்ஜரில் போடாதீர்கள். கடவு எண்ணை ஊகித்துத் திரும்பத் திரும்ப இடாதீர்கள். சில ஐபோன்களில் பத்துத் தவறுகளுக்குப் பின் எல்லாம் அழியும்படி அமைத்திருப்பார்கள்.

மணியும் அடிக்கவில்லை, சார்ஜும் ஏறவில்லை என்றால் போர்டில் (கைப்பேசிக்குள் உள்ள மின்சுற்றுப் பலகை) வேலை செய்யத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். நினைவகச் சிப்பைக் கழற்றிப் படித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் கொடுக்காதீர்கள்: இன்றைய ஐபோன்களிலும் ஆண்ட்ராய்டு 10 முதல் வெளிவந்த கைப்பேசிகளிலும் தரவு மறையாக்கம் செய்யப்பட்டே இருப்பதால், அதே போர்டு உயிர்பெற்று, உங்கள் கடவு எண்ணை இட்டால்தான் அது திறக்கும். பழுது பார்க்கும் இடங்களில் ரீசெட் செய்வது வழக்கமான முதல் மருந்து என்பதால், கைப்பேசியை ஒப்படைக்கும் ரசீதிலேயே 'தரவு தேவை, என்னைக் கேட்காமல் ரீசெட் செய்யக் கூடாது' என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது, அடுத்த மேசையில் வேலை பார்ப்பவருக்குப் போய்ச் சேருவதில்லை.